தற்காலிகத் தலைமையிடம்

அரசாணை இரண்டே பக்கம்.
இன்று முதல் திட்டக்குடி ஒரு கல்வி மாவட்டம் என்றது.
எங்கே உட்காருவது என்பதை
மூன்றாம் பக்கத்தில் எழுத நினைத்திருப்பார்கள் போல.

இடம் கொடுத்தது ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்.
மக்காச்சோளம் நிறுத்த பழைய அறை.
பெருக்கி, சாவி கொடுத்து,
எடைமேடையை மட்டும் பெயர்க்க முடியாது சார் என்றார்கள்,
தரையோடு சேர்த்து முடுக்கியது.
நடு அறையில் கிடக்கிறது. நாங்கள் சுற்றிப் போகிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர்.
அனுமதித்த பணியிடம் பதினேழு.
நான் மாற்றுப்பணி.
தட்டச்சர் ஞானசௌந்தரி செவ்வாயும் வியாழனும்.
உதவியாளர் தணிகாசலம்
ஓய்வு பெற இன்னும் நாற்பது நாள்.
மாவட்டக் கல்வி அலுவலர்?
விருத்தாசலத்தில் இருப்பவருக்கே கூடுதல் பொறுப்பு.
அவர் கையெழுத்து மட்டும் வாரம் ஒருமுறை
பெண்ணாடம் வழியாக
பன்னிரண்டு மணி பஸ்ஸில் வரும்.

பணிப்பதிவேடுகள் ஒரு குட்டியானையில் வந்தன.
தார்ப்பாய் இல்லை. இறையூர் தாண்டும்போது தூறல்.
எண்ணி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்;
எண்ண ஆளில்லை.
நிறுத்து வாங்கிடலாம் சார் என்றார் தணிகாசலம்.
விளையாட்டாகத்தான் அடுக்கினோம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு ஆசிரியர்களின்
ஊக்க ஊதியம், மகப்பேறு விடுப்பு,
பிறந்த தேதித் திருத்தம்,
யாரோ ஒருவர் எதற்கோ கொடுத்த விளக்கம்
எல்லாம் சேர்ந்து முந்நூற்றுத் தொண்ணூறு கிலோ.
ரசீதில் அப்படியே எழுதினேன்.
யாரும் ஆட்சேபிக்கவில்லை.

சம்பளம் வேறு கதை.
சம்பளம் பெற்று வழங்கும் அலுவலருக்கு ஓர் எண் வேண்டும்.
அது வந்தால்தான் கருவூலம்
எங்களை அலுவலகம் என்று நம்பும்.
எண் சென்னையில். கோப்பு கடலூரில்.
கடலூருக்குப் போன் போட்டால்
"அனுப்பிட்டோமே, உங்க பேரு இன்னும் ஏறலையா?"
ஆகஸ்ட் பட்டியல் திரும்பி வந்தது.
செப்டம்பரைப் பழைய மாவட்டத்தின் தலைப்பிலேயே போட்டோம்,
கல்யாணமான பெண்
சீட்டுப் பணத்தைப் பிறந்தவீட்டுப் பெயரிலேயே கட்டி வருவது மாதிரி.
ஆசிரியர்களுக்கு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது.

ஐப்பசி மழையில் கொளஞ்சியம்மாள் வந்தார்.
பள்ளித் துப்புரவு. மாதம் மூவாயிரம்.
நான்கு மாதமாக இல்லை.

பிரித்தபோது
பள்ளி எங்களுக்கு வந்தது, பெஞ்சு வந்தது,
உடைந்த கைப்பம்பு கூடச் சொத்துப் பதிவேட்டில் வந்தது.
அவர் பணியிடம் வரவில்லை.
அங்கே அடித்துவிட்டார்கள். இங்கே எழுதவில்லை.

"உங்க பணியிடம் எங்க இருக்குன்னு தெரியலம்மா."

"பெருக்குற இடத்துலதான் சார் இருக்கு.
காலையில கூடப் பார்த்துட்டுத்தான் வரேன்."

தேடுகிறேன், உட்காருங்கள் என்றேன்.
இரண்டு நாற்காலி. ஒன்றில் நான்,
மற்றொன்றில் உபரி ஆசிரியர் பட்டியல்.
அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு
எடைமேடையில் உட்கார்ந்தார்,
நனைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு.

முள் எழுந்தது.
கொஞ்சம் நடுங்கி, நாற்பத்து மூன்றில் நின்றது.

ஞானசௌந்தரி தட்டுவதை நிறுத்தினாள்.
தணிகாசலம் கூரையைப் பார்த்தார்.
முதுகுப் பக்கம் முள் இருப்பது
கொளஞ்சியம்மாளுக்குத் தெரியாது.

"நீங்க எந்த ஊரு சம்பளம் சார்?"
"விருத்தாசலம்."
"வந்துடுதா?"
"முப்பதாந்தேதி."
"அது போதும்" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

கடிதம் எழுதினேன். பொருள்: பணியிடம் தோற்றுவித்தல், வேண்டுதல்.
புது முத்திரை இன்னும் வரவில்லை.
பழையதை வைத்து,
ஊர்ப் பெயரைப் பேனாவால் அடித்து எழுதினேன்.
நகலை வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு
மழைக்குள் இறங்கினார்.

முள் திரும்பியது. பூஜ்யத்துக்கு வரவில்லை.
இரண்டில் நின்றுகொண்டது.

"அது எப்பவும் ரெண்டு கிலோ தங்கும் சார்"
என்றார் தணிகாசலம்.
"வியாபாரி காலத்துலேர்ந்தே."

அப்படியென்றால் நாற்பத்தொன்றுதான்.
ரசீதையும் திருத்த வேண்டும்.
கையெழுத்து வியாழக்கிழமை வரும்.